டிஷ்யூ பாக்கெட்டும் பஸ் சீட்டில் போட்ட துண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தர்மபுரியின் பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவில் மாணவர்களுக்கு அதிகம் கற்றுத்தருவது பார்க்கும் இடங்களா, பழகும் மனிதர்களா என்பது தலைப்பு. பழகும் மனிதர்களே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்தை இந்த மேடைக்கே கொண்டுவந்துவிட்டார். 18 ராட்சதச் செயற்கை மரங்கள், 25 முதல் 50 மீட்டர் உயரம் என்றார். எல்லாம் சரி. நானும் அந்த மரங்களின் கீழே நின்றவள்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 22 பேரைக் கூட்டிக்கொண்டு போன ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அழகில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊருக்கு வந்து கட்டுரை எழுதச் சொன்னேன். அந்த மரங்களைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியது ஆளுக்கு இரண்டு வரி. பக்கம் பக்கமாக எழுதியது வேறொன்றைப் பற்றி.

எங்கள் பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனம் ஐந்து நாளில் 14 இடம் என்று அட்டவணை போட்டிருந்தது. இறங்கு, போட்டோ எடு, ஏறு. மதியச் சாப்பாடு தினமும் பொட்டலத்தில் வந்த சாம்பார் சாதம். கடல் தாண்டிப் போயும் அந்த ஊர்ச் சோற்றில் ஒரு வாய் சாப்பிடவில்லை என்றால் வயிறு எரியுமா எரியாதா? மூன்றாம் நாள் சாயங்காலம் கொட்டித் தீர்த்தது மழை. பேருந்து வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். பக்கத்தில் இருந்த உணவங்காடிக்குள் ஒதுங்கினோம். வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், நடுவில் பொதுவான மேசைகள். சீனர் கடை, மலாய்க்காரர் கடை, நம்மவர் கடை எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் அட்டவணையில் அது இல்லை!

பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன், எட்டாம் வகுப்பு. காலி மேசை ஒன்றில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் கொடுக்கப் போனான். அடுத்த மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "தம்பி, அத அங்கயே வச்சிருங்க. எடம் புடிச்சிருக்காங்க, ஆளு வந்துரும்" என்றார். தமிழில்! அங்கே இப்படி இடம் பிடிப்பதற்கு 'ச்சோப்' (chope) என்று பெயராம். பையன் ஒரு நிமிடம் யோசித்தான். "எங்க ஊர்ல பஸ் ஜன்னல் வழியா துண்டு போடுவோம் தாத்தா" என்றான். பெரியவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் பேச்சு நிற்கவில்லை.

அவர் சிங்கப்பூரிலேயே பிறந்தவர், தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். நம் பையன் களி என்றான். களி என்றால்? கேழ்வரகு மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அம்மா எப்படிக் கிண்டுவார் என்று இரண்டு கையையும் சேர்த்துச் சுழற்றிக் காட்டினான். "மெல்லக் கூடாது தாத்தா, கொழம்புல தொட்டு முழுங்கணும்" என்று தொண்டையைத் தடவிக் காட்டினான். வகுப்பில் வாயே திறக்காத பையன் அவன். களி தின்கிறவன் என்று கேலி செய்வார்களோ என்று டிபன் பாக்ஸை மூடி மூடிச் சாப்பிடுவான்.

நடுவர் அவர்களே, என் வாதமே இங்கேதான் இருக்கிறது. 50 மீட்டர் மரம் அவனைப் பார்த்து "உன் ஊரில் என்ன சாப்பிடுவாய்" என்று கேட்குமா? மனிதர் கேட்டார். கேட்டதால்தான் தன் வீட்டுச் சோற்றைப் பற்றி அவன் தலை நிமிர்ந்து பேசினான்.

சாப்பிட்டு முடித்ததும் அவரே தட்டு வைக்கும் இடத்தைக் காட்டினார். 2021 முதல் தட்டை மேசையிலேயே விட்டுப் போனால் அபராதம் வரை போகுமாம். அங்கே இரண்டு அடுக்கு. ஏன் இரண்டு என்று ஒரு பெண் கேட்டாள். ஹலால் உணவு சாப்பிட்ட தட்டு தனி, மற்றது தனி. மேசை பொது, தட்டு வைக்கிற இடத்தில் அடுத்தவர் நம்பிக்கைக்கு மரியாதை. இதை எந்த வகுப்பில், எத்தனை நாள் நடத்தி நான் புரியவைப்பது?

மொழி தெரியாமல் எப்படிப் பழகுவது என்று எதிரணி அம்மா கேட்டார். அம்மா, ஓசூர், தேன்கனிக்கோட்டைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் சில்லறை வாங்குகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அதுவும் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கிற சிங்கப்பூரிலா தயங்குவார்கள்?

பிள்ளை தொலைந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்டார்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஐந்து இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதெல்லாம் 14 இடங்களில் ஏறி இறங்கித் தலையெண்ணியபோதுதான். ஒரே கூரையின் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது 22 பேரும் என் கண்முன்னால் இருந்தார்கள்.

மறுநாள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1827இல் எழுந்த கோயில், சைனாடவுனுக்கு நடுவில். சில அடி நடந்தால் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசல். வழிகாட்டி ஆண்டைச் சொன்னார், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பிறகு அரூர்ப் பெண் ஒருத்தி, பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் "இங்க தீமிதி உண்டா?" என்று கேட்டாள். உண்டு, ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால் என்றார். எங்கள் ஊரில் ஆடியில் என்றாள் இவள். விரதம் எத்தனை நாள், குழி எவ்வளவு நீளம் என்று இருவரும் அளந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். வழிகாட்டி நேரமாகிறது என்று கொடியை ஆட்டினார். அவளைப் பாதிப் பேச்சில் இழுத்துக்கொண்டு வந்தவள் நான். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

இந்தத் தர்மபுரி, அதியமான் ஆண்ட பழைய தகடூர் மண். அதியமானுக்காகத் தூது போன ஒளவைக்கு, பகை மன்னன் தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத்தான் சுற்றிக் காட்டினான். மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு வைத்த வேல்கள். ஒளவை மயங்கினாளா? எங்கள் மன்னனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். பளபளப்பாக வைத்திருப்பது வேறு, புழங்குவது வேறு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எனவே அடுத்த குழு கிளம்பும்போது 14 இடத்தில் நான்கை அடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அரை நாள் உட்கார விடுங்கள், ஒரு வேளையாவது உணவங்காடியில் சாப்பிட விடுங்கள், தீமிதி பற்றிப் பேசுகிறவளைப் பேசி முடிக்க விடுங்கள். மனிதர்களே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.