பாட்டிக்கு ரோபோவைப் பழக்கிய கதை

வணக்கம், எல்லாரும் நலமா? சிங்கப்பூரில் காலையிலிருந்து மழை, அதனால் வீட்டுக்குள் உட்கார்ந்தே பேசுகிறேன். சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் நிலையத்துக்குத் தொண்டூழியம் செய்யப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா? அங்கே பாரோ என்று ஒரு ரோபோ இருக்கிறது. வெள்ளை ரோமத்தோடு, கடல்நாய்க் குட்டி மாதிரி. ஜப்பானில் தகனோரி ஷிபாதா என்பவர் 1993இல் இதற்கான வேலையைத் தொடங்கினார். அமெரிக்காவில் 2009இல் மருத்துவக் கருவியாகவே அங்கீகரித்தார்கள்.

ஏன் கடல்நாய்? ஷிபாதா பூனையும் செய்து பார்த்தவர்தான். ஆனால் நிஜப் பூனை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், உடனே குறை கண்டுபிடித்துவிடுவார்கள். கடல்நாயைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

முதல் வாரம் நான் ஒரு தப்பு செய்தேன். பாரோவை இயக்கி, நேராக ஒரு பாட்டியின் மடியில் வைத்துவிட்டேன். அது தலையைத் திருப்பிக் குரல் கொடுத்ததும் பாட்டி பதறி, "கடிக்குமா?" என்று கையை இழுத்துக்கொண்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

அடுத்த வாரம் இயக்காமலேயே மேசைமேல் வைத்தேன். ஒன்றும் விளக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் பாட்டியே ரோமத்தைத் தடவிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார். இரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கும். "பச்சப்புள்ள கனம்" என்றார். அப்புறம் சுவிட்சைக் காட்டி, அவர் கையாலேயே போடச் சொன்னேன். நிறுத்தவும் சொன்னேன். இரண்டு மூன்று முறை போட்டு நிறுத்தியதும் பயம் போய்விட்டது. குழந்தை வாயில் வைக்கும் நிப்பிள் வடிவத்தில் சார்ஜர் இருப்பதைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு!

"இதுக்கு உயிர் இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை பாட்டி, மெஷின்தான், தொடுவதையும் சத்தத்தையும் வெளிச்சத்தையும் உணர ரோமத்துக்கடியில் கருவிகள் வைத்திருக்கிறார்கள் என்றேன். வயதானவர்தானே என்று பொய் சொல்லக் கூடாது, மறதி நோய் உள்ளவரானாலும் சரி. "தெரியுது, ஆனா கண்ணச் சிமிட்டுது பாரு" என்று தடவிக்கொண்டே இருந்தார். முத்து என்று பெயரும் வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப ஒரே பெயரால் கூப்பிட்டால் பாரோ அதைப் பழகிக்கொள்ளும்.

பக்கத்தில் இருந்த தாத்தா தொடவே மாட்டேன் என்றார். "எனக்குக் கேரம் ஆட ஆள் வேணும்." சரி, கட்டாயப்படுத்தவில்லை. வரும் சனிக்கிழமை முத்து பாட்டியோடு இருக்கட்டும், நான் தாத்தாவோடு கேரம் ஆடப் போகிறேன்.