ஓர் ஓமர் போதும், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும், போதகர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் தலையணை அளவு வேதாகமங்களோடு அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், அசனச் சாப்பாடு செரிப்பதற்கு முன்பே பட்டிமன்றம் கேட்க வந்துவிட்ட சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

“தினமும் வேதம் வாசிக்கிறவரை வளர்ப்பது அதிகாரம் அதிகாரமான வாசிப்பா, சிறு பகுதியும் அதன் தியானமுமா?” இதுதான் தலைப்பு. நான் இரண்டாவது அணி. சிறு பகுதி, கொஞ்சம் தியானம், ஒரு ஜெபம், அதன்பின் அடுப்பு. இதுதான் எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடம்தான், பிரம்பு இன்னும் அவர் கையில் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே ஒரு போடு போட்டார். “வேதத்தைத் துண்டு துண்டாக எடுத்துப் பேசியவன் யார்? வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்த பிசாசு! 91ஆம் சங்கீதத்தில் தூதர்களைப் பற்றிய இரண்டு வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டான். அதற்கு அடுத்த வசனம் வலுசர்ப்பத்தை மிதிப்பதைப் பற்றியது. அதற்கு முன்னால் நைசாக நிறுத்திக்கொண்டான்” என்றார். நானும் கை தட்டினேன். நல்ல பேச்சு யாருடையதாக இருந்தாலும் தட்ட வேண்டும்.

ஆனால் அண்ணன் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். பிசாசு செய்ததையேதான் செய்திருக்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டவர் அந்தப் பிசாசுக்கு எப்படிப் பதில் சொன்னார்? உபாகமத்தில் 34 அதிகாரங்கள் இருக்கின்றன. “உட்கார், முதலிலிருந்து வாசிக்கிறேன்” என்றா சொன்னார்? மூன்று சோதனைக்கும் மூன்று பதில்கள், மூன்றும் உபாகமத்திலிருந்து, ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம். நாற்பது நாள் பட்டினி கிடந்தவருக்கு அந்த வேளையில் நினைவுக்கு வந்தவை அசைபோட்டு அசைபோட்டு உள்ளே இறங்கியிருந்த சின்ன வாக்கியங்கள்.

அடுத்து, வசன எண்ணைப் பிடித்துக்கொண்டார். “1551இல் ராபர்ட் எஸ்தியென் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர் புதிய ஏற்பாட்டுக்குப் போட்ட எண்கள் இவை. பவுல் எண் போட்டா கடிதம் எழுதினார்?” என்று கேட்டார். உண்மைதான். ஆனால் அதிகார எண்ணை மட்டும் பவுலா போட்டார்? இன்று நம் கையில் இருக்கிற அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயர் போட்டது என்பார்கள். “நாளுக்கு மூன்று அதிகாரம்” என்று அண்ணன் அளக்கிற முழக்கோலும் மனிதன் செய்த கோல்தான். அது சரியான கோலும் இல்லை. 117ஆம் சங்கீதம் இரண்டே வசனம். 119ஆம் சங்கீதம் 176 வசனம். இரண்டுமே ஓர் அதிகாரம் என்றால் என்ன கணக்கு இது? அந்த 119ஐயே பாருங்கள். வேதத்தின் அருமையைப் பாடுகிற சங்கீதம் அது. அதைப் பாடியவர் எபிரெய எழுத்து ஒன்றுக்கு எட்டு வசனம் என்று 22 கட்டுகளாகக் கட்டி வைத்திருக்கிறார். நாளுக்கு ஒரு கட்டு என்று நான் எடுத்துக்கொண்டால் அவர் கோபிக்கமாட்டார்.

இனி, என் கதை. நான் செவிலியர். இரவுப் பணி முடிந்து காலை எட்டு மணிக்கு விடுதிக்கு வந்தால் கண் தானாக மூடும். அந்தக் காலத்தில் நானும் ஓர் ஆண்டில் வேதாகமத்தை முடிக்கிறேன் என்று கிளம்பியவள்தான். மொத்தம் 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வாரத்துக்கு 23 ஆகிறது, வருஷத்தில் முடிந்துவிடும். கணக்கு அழகான கணக்கு. ஆனால் நான்கு வாரத்தில் 92 அதிகாரம் ஆகும்; ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 போக, ஜனவரி 28 அன்று லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தில் வந்து நிற்பீர்கள். நிற்பீர்கள் என்றால், அங்கேயேதான் நிற்பீர்கள். மூன்று வருஷம் தொடர்ந்து நான் அங்கே நின்றிருக்கிறேன். போஜனபலிக்கு எண்ணெய் வார்த்து, தூபவர்க்கம் போட்டு, அதன்மேலேயே தூங்கியிருக்கிறேன். விட்ட நாளுக்குச் சேர்த்து அடுத்த நாள் ஆறு, அதற்கடுத்த நாள் ஒன்பது என்று பாக்கி ஏறும். கடைசியில் வேதாகமத்தைப் பார்த்தாலே கடன்காரரைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு வட்டிக்கணக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் தேரிக்காட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பனையேறுகிறவர் பாளையை எப்படிச் சீவுகிறார்? மெல்லிய தோல் அளவுக்கு, அருவாளின் கூர் பட்டும் படாமலும். இன்றைக்கு நேரம் இருக்கிறது, நாலு விரல் ஆழத்துக்குச் சீவிவிட்டு நாலு நாள் கழித்து வரலாம் என்று எந்தப் பனையேறியும் நினைப்பதில்லை. ஆழமாகச் சீவினால் பாளை வீணாகும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். காலையும் மாலையும் ஏறி ஏறி, ஒரு சீவு சீவுகிறவருக்குத்தான் கலயத்தில் பதநீர் சொட்டும். வேத வாசிப்பும் அப்படி என்று நான் விளக்கப்போவதில்லை, நீங்களே சிரிக்கிறீர்கள்.

என்னுடைய அடைத்துப்போன பாளையைத் திறந்தது ஒரு பக்கத் தியானக் குறிப்பு. விடுதியில் என்னோடு தங்கியிருந்த அக்கா ஒருவர் மாதாமாதம் வாங்குவார். மேலே வாசிக்க வேண்டிய பகுதி, நடுவில் கால் பக்கம் தியானம், அடியில் ஒரு வரி ஜெபம்.

அந்த வாரத்தில் எங்கள் வார்டில் ஒரு குழந்தை குணமாகி வீட்டுக்குப் போனது. தகப்பனார் கூலி வேலைக்காரர். வீட்டுக்குப் போகிறவர்கள் செவிலியர்களுக்கு லட்டு டப்பா கொடுப்பார்கள், சிலர் கேக் கொடுப்பார்கள். இவர் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கொய்யாப்பழங்களை என் கையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே போனார். பதினாறு பேர் வேலை பார்க்கிற இடத்தில் இரண்டு கொய்யாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சரியாக நன்றிகூடச் சொல்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தக் குறிப்பைத் திறந்தேன். லூக்கா இரண்டாம் அதிகாரம், குழந்தை இயேசுவை எருசலேமுக்குக் கொண்டுபோகும் பகுதி. ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது பலியாகச் செலுத்த வந்தார்கள் என்று இருக்கிறது. இதை நான் ஞாயிறு பள்ளியிலிருந்து எத்தனை முறை வாசித்திருப்பேன்! புறா என்றால் புறா, அவ்வளவுதான். குறிப்பை எழுதியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ஆட்டுக்குட்டி எங்கே? பக்கத்தில், லேவியராகமம் 12 பார்க்கவும் என்று போட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். எட்டே வசனம் உள்ள அதிகாரம். பிள்ளை பெற்றவள் ஓராட்டுக்குட்டியும் ஒரு பறவையும் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்குட்டிக்குச் சக்தி இல்லாவிட்டால் இரண்டு பறவைகள் போதும். மரியாளிடம் ஆட்டுக்குட்டிக்குக் காசு இல்லை, நடுவர் அவர்களே. உலக இரட்சகரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் ஏழைகளுக்கான சலுகையில் இரண்டு பறவைகளோடு வரிசையில் நின்றாள்.

என் மேசையில் அந்த இரண்டு கொய்யாப்பழங்களும் இருந்தன.

மூன்று வருஷமாக என்னைத் தூங்கவைத்த அதே லேவியராகமத்துக்குள் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனது எது? எதிரணி சொல்கிற “மேலோட்டமான” அந்தக் கால் பக்கம்தான். மூன்று அதிகாரத்தை முடிக்க ஓடுகிறவருக்கு அந்தப் புறா பறந்துபோகும்.

அடுத்து எரேமியா 29:11க்கு வருகிறேன். “சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே” என்ற வசனம் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக எத்தனை வீட்டுக்குப் போகிறது, அதை வைத்துக்கொண்டு மகனுக்கு வேலை, மகளுக்கு வரன் என்று காத்திருக்கிறார்கள், முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை என்று அண்ணன் வருத்தப்பட்டார். எனக்கும் அதே வருத்தம்தான். ஆனால் வாக்குத்தத்த அட்டை எங்கள் வீட்டுப் பிள்ளை அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்த குறும்புக்கு எங்கள் பிள்ளையைப் பிடித்து அடிக்கிறார். அட்டையில் வசனம் மட்டும் இருக்கிறது, வாசிக்கப் பகுதியும் இல்லை, யோசிக்கக் கேள்வியும் இல்லை. காலையில் ரோஜாப்பூப் படத்தோடு கைப்பேசிக்கு வந்து விழுகிற வசனமும் அதே வகைதான். அனுப்புகிறவரே வாசித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். எழுபது வருஷ சங்கதி எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். அதுவும் ஒரு தியானக் குறிப்பில் வந்ததுதான். அந்த அதிகாரம் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், போன ஊரில் வேர் விடுங்கள் என்று எழுதினார் என்று விளக்கியிருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற என் தம்பிக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.

“குறிப்பு என்பது அடுத்தவர் மென்று கொடுத்த சோறு” என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் முகத்தைச் சுளித்தார். தம்பி, அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற எத்தியோப்பிய மந்திரியை நினைத்துப் பாருங்கள். ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார், படித்தவர், ராணியின் கஜானாவுக்கே பொறுப்பானவர். “நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா” என்று பிலிப்பு என்ற சுவிசேஷகர் கேட்டபோது, ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று கூச்சப்படாமல் சொன்னார். ரதத்தில் ஏறிய பிலிப்பு ஏசாயாவின் 66 அதிகாரங்களையும் ஒப்பிக்கவில்லை. மந்திரி நின்றிருந்த அந்த இரண்டு வசனங்களில் தொடங்கினார். அந்தப் பயணத்திலேயே மந்திரி ஞானஸ்நானம் பெற்றாரா இல்லையா?

சில குறிப்புகள் மட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சிங்கக் கதை, ஒரு விமானிக் கதை, கடைசியில் இலை ஓரத்து ஊறுகாய்போல ஒரு வசனம். அவற்றுக்காக நான் வாதாடவில்லை.

இது சோம்பேறிகளின் கண்டுபிடிப்பும் அல்ல. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1728 மே 3 அன்று மாலைக் கூட்டத்தில் சின்சென்டார்ஃப் பிரபு அடுத்த நாளுக்கென்று ஒரு வார்த்தை கொடுத்தார். அதன்பின் நாள்தோறும் காலையில் ஒருவர் வீடு வீடாகப் போய் அன்றைய வசனத்தைச் சொல்லிவருவார். 1731இலிருந்து அச்சிட்ட புத்தகமாகவே வந்துவிட்டது, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது. மொராவியர்கள் என்று அழைக்கப்படுகிற அந்த ஹெர்ன்ஹூட் சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். தோட்டம் போட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் பெட்டியிலும் அந்த வசனப் புத்தகம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் புத்தகத்தை நாள்தோறும் வாசித்தவர்களில் ஒருவர் ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோபர். 1939 ஜூன் மாதம் யுத்தம் நெருங்குகிறது. நண்பர்கள் அவரைப் பத்திரமாக நியூயார்க்குக்கு வரவழைத்துவிட்டார்கள். நல்ல அறை, நல்ல வேலை, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஜூன் 26 அன்று தற்செயலாக ஒரு வசனம் கண்ணில் பட்டது: “மாரிகாலத்துக்குமுன்னே நீ வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு.” பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது, குளிர் வருவதற்குள் வந்துவிடு என்று ஒரு கிழவர் பிள்ளையைக் கூப்பிடுகிற வரி. அண்ணனுடைய இலக்கணப்படி பார்த்தால் அது தீமோத்தேயுவுக்கு வந்த தபால், போன்ஹோபர் அதைப் பிரித்திருக்கக் கூடாது. அவரோ சாதாரண வாசகர் அல்ல, இறையியல் கற்பித்தவர், சூழமைவு என்றால் என்ன என்று நம் இரண்டு அணிக்கும் பாடம் எடுக்கக் கூடியவர். அந்த வரியைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்று அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த மாதமே ஜெர்மனிக்குக் கப்பலேறிவிட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று ஹிட்லரின் ஆட்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஒற்றை வரி ஒரு மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு நிமிஷம் கொடுங்கள்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்தபோது என்ன கட்டளை? நாளுக்குத் தலைக்கு ஓர் ஓமர், அது அந்தக் காலத்து ஓர் அளவு. மிகுதியாகச் சேர்த்தவருக்கு மீந்ததும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவருக்குக் குறைந்ததும் இல்லை. நாளைக்கும் சேர்த்து அள்ளிவைத்தவர் வீட்டில் புழுத்து நாறியது. மன்னாவைப் பார்த்து அவர்கள் முதலில் கேட்டது “இது என்ன?” என்றுதான். காலையில் ஒரு சின்னப் பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பதைத்தான் நாங்கள் தியானம் என்கிறோம்.

கடைசியாக ஒன்று. மதியம் பந்தியில் அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். சாம்பார் வாங்குவதற்காக வேதாகமத்தை என் மடியில் கொடுத்தார். அடையாளத்துக்கு உள்ளே ஒரு தாள் வைத்திருந்தார். காற்றில் தானாகத் திறந்துகொண்டது, நான் தேடிப் பார்க்கவில்லை. போன மாதத் தியானக் குறிப்பின் கிழித்த பக்கம் அது. எந்த அதிகாரத்தில் இருந்தது என்பதை நான் சொல்லமாட்டேன். நடுவர் அவர்கள் கேட்டால், அவரே எழுந்து சொல்லட்டும்.