மணி ஏன் இன்னும் படி இறங்கவில்லை?

வணக்கம். மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். மடியில் இருப்பவன் என் நாய்க்குட்டி மணி, பிறந்து 13 வாரம் ஆகிறது. "ஏன் தம்பி, குட்டியைக் கீழே விடவே மாட்டேங்கறே, பாவம்ல?" என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் கேட்கிறார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

போன வருடம் இதே வீட்டு வாசலில் வெள்ளச்சி என்ற குட்டி இருந்தாள். ஒரு நாள் காலையில் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, தொடாமல் போய்ச் சுருண்டு படுத்தாள். மறுநாள் வாந்தி. அதற்கு மறுநாள் ரத்தக் கழிச்சல். அந்த வாடையை ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது. ட்ரிப்ஸ் ஏற்றியும் ஐந்தாம் நாள் போய்விட்டாள். பார்வோ, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்.

45 நாளில் ஊசி போட்டிருந்தோமே, பிறகு எப்படி வந்தது? பல வாரம் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம் தாய்ப்பாலில் இருக்கிறது. சீம்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கிறது, ஆனால் அதே சக்தி தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. ஆறாவது வாரத்துக்கும் பதினாறாவது வாரத்துக்கும் நடுவில் அது கரைந்து போகிறது. ஒரு குட்டிக்கு முன்னால், இன்னொன்றுக்குப் பின்னால். நடுவே சில நாட்கள், அந்தச் சக்தி கிருமியைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும். அந்த நாட்கள் எவை என்று குட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறார்கள். வெள்ளச்சிக்கு நான் ஒன்றோடு நிறுத்திவிட்டேன். அது என் தவறு.

சரி, இந்த நோய் அவ்வளவு பரவலானதா? "தெருநாய்க்கெல்லாம் யார் ஊசி போட்டாங்க, நல்லாத்தானே திரியுது" என்று பலர் சொல்வார்கள். நம் கண்ணில் படுபவை பிழைத்தவை மட்டும்தான். எங்கள் தெருவில் மார்கழியில் ஆறு குட்டி போட்ட நாய்க்கு, மாசியில் மிஞ்சியது இரண்டு. எல்லாமே பார்வோ என்று சொல்ல மாட்டேன், வண்டியில் அடிபட்டதும் உண்டு. ஆனால் ரத்தமாகக் கழிந்து சாக்கடையோரம் கிடந்த இரண்டை நானே பார்த்தேன். இந்த நோயிலிருந்து மீண்ட நாய்க்குப் பல வருடம் அது திரும்ப வராது. தெருவில் கம்பீரமாக நடக்கும் பெரிய நாய்களில் பல, குட்டியாக இருந்தபோது இந்தக் கிருமியைச் சந்தித்து வந்தவைதான்.

இத்தனைக்கும் இது பழைய நோய் இல்லை. பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவு இது. 1978இல்தான் நாய்களிடம் பெரிதாக வெடித்தது. அப்போது எந்த நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி கிடையாது, இரண்டே வருடத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 1980களின் தொடக்கத்திலேயே மெட்ராஸில் இதைப் பற்றிய ஆய்வு வந்துவிட்டது. தடுப்பூசி தாராளமாகக் கிடைக்கும் ஆஸ்திரேலியாவிலேயே இன்றும் வருடத்துக்குச் சுமார் 20,000 நாய்களுக்கு வருவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இது இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம், கிருமியின் பிடிவாதம். நோயுற்ற நாயின் மலத்திலிருந்து மண்ணுக்கு வந்துவிட்டால், நிழலான இடத்தில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட உயிர்ப்போடு கிடக்கும். நம் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். மனிதர்களுக்கு இந்த நோய் வராது, ஆனால் சுமந்து வருவது நாம்தான். ஃபினாயிலுக்கும் கை சானிடைசருக்கும் இது அசையாது. அழுக்கைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்தை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊற விட வேண்டும். சிமென்ட் தரைக்கு அது சரி, எங்கள் வாசல் மண்ணை என்ன செய்வது? அதனால்தான் மணி மாடியில் வளர்கிறான்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குட்டி சாப்பாட்டை ஒதுக்கி வாந்தி எடுத்தால், தயிர் சாதமும் மஞ்சளும் கொடுத்து இரண்டு நாள் பார்க்காதீர்கள். இந்தக் கிருமி குடலின் உள்தோலை அரிக்கிறது, ரத்தத்தில் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகிறது. உடம்பு வற்றிப்போகிறது, குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைகிறது. சிகிச்சையே இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குட்டி இறந்துவிடும். நேரத்தோடு ட்ரிப்ஸ், வாந்தி நிற்க மருந்து, ஆன்டிபயாடிக் கிடைத்தால் பத்தில் எட்டுக்கு மேல் பிழைக்கும். வெள்ளச்சியை நான் மூன்றாம் நாள்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இதோ, மணியின் ஊசிப் புத்தகம். கிட்டே காட்டுகிறேன். மூன்று கட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது, நாலாவது காலி. அதில் 17ஆவது வாரத்துத் தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து, அக்கா வீட்டு வாசலுக்குத்தான் இவனை முதலில் கூட்டிப்போவேன்.