மினி கூப்பர் எஸ்ஸுக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர்? முதலில் உள்ளே இருக்கும் எண்ணைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. மினி கூப்பர் எஸ் 1275 எஞ்சினுக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர் போடலாம் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் டெல்கோ என்பார்களே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்கை முறைப்படி பிரித்துக் கொடுப்பது, அதுதான். பழைய லூகாஸையே சரிசெய்து ஓட்டலாமா, எலக்ட்ரானிக் போகலாமா என்பது உங்கள் கேள்வி. என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், அட்வான்ஸ் கர்வைப் பார்த்து வாங்குங்கள். எந்த வேகத்தில் ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்கூட்டியே வருகிறது என்பதுதான் அந்தக் கர்வ். ஸ்பார்க்கைத் தூண்டுவது பாயின்ட் என்ற இயந்திர சுவிட்சா, எலக்ட்ரானிக்கா என்பதெல்லாம் அப்புறம்தான்.

மேசையில் இருப்பது லூகாஸ் 23டி4. கேமராவைக் கிட்ட கொண்டுவருகிறேன். பக்கவாட்டில் 40819 என்று பொறித்திருக்கிறது, பாருங்கள். அதற்குப் பக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும். கூப்பர் எஸ்ஸுக்குக் கம்பெனி கொடுத்தது இதுதான். 1965-லும் 1967-லும் மான்டி கார்லோ ராலியை ஜெயித்த எஞ்சின் இந்த 1275. சாதாரண மினியில் வந்த 25டி4-இல், எஞ்சின் உறிஞ்சலை வைத்து அட்வான்ஸைக் கூட்டும் ஒரு வேக்குவம் டப்பா தொங்கும். இதில் அது கிடையாது.

சரி, அட்வான்ஸ் எதற்கு? பெட்ரோல் கலவை ஸ்பார்க் பட்ட உடனே எரிந்து தீர்ந்துவிடாது, அதற்கு நேரம் வேண்டும். பிஸ்டன் உச்சிக்குப் போய்க் கீழே திரும்பி, கிராங்க் சுமார் 15 டிகிரி தாண்டும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் முழு பலமும் கிடைக்கும். 800 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 4.8 டிகிரி திரும்புகிறது. 6000-த்தில் அதே மில்லி செகண்டில் 36 டிகிரி. அதனால் வேகம் ஏற ஏற ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஆனால் வேகம் கூடக் கூட உள்ளே கலவை நன்றாகக் கலங்கிச் சீக்கிரம் எரிவதால், ஒரு கட்டத்துக்கு மேல் கூடுதல் அட்வான்ஸ் தேவைப்படாது. கர்வ் அங்கே படுத்துவிடும்.

இப்போது ரோட்டரை எடுத்துவிட்டு, பாயின்ட் உட்காரும் தட்டையும் கழற்றுகிறேன். அடியில் இரண்டு எடைகள், இரண்டு ஸ்பிரிங். ஸ்பிரிங் இரண்டும் ஒரே மாதிரி இல்லை, கவனியுங்கள். மெல்லியது எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கிறது. தடித்ததன் கொக்கி நீளமாக, தளர்வாக இருக்கிறது. ஆரம்பத்தில் மெல்லியது மட்டும்தான் எடைகளைத் தடுக்கும், அதனால் அட்வான்ஸ் வேகமாக ஏறும். கொஞ்ச தூரம் போனதும் தடித்தது சேர்ந்துகொள்ளும், ஏற்றம் மெதுவாகும். ஸ்பிரிங்கைத் தொலைத்துவிட்டு கையில் கிடைத்ததை மாட்டிவைத்திருந்தால், வெளியே எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் அது கூப்பர் எஸ் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை.

இந்த வீடியோவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால், இதோ இங்கே தட்டில் குத்தியிருக்கும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். எடைகள் அதிகபட்சம் எத்தனை டிகிரி தள்ளும் என்பது இது. ஆனால் இது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. ஆகவே 10 என்று இருந்தால் கிராங்க்கில் 20 டிகிரி. ஐடிலில் 10 வைத்தால் மொத்தம் 30. 1275-க்கு ஃபுல் த்ராட்டிலில் பொதுவாக 28 முதல் 32 டிகிரி வரை கேட்கும், அதனால் இது பொருந்துகிறது. சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று 16 எண் போட்ட வேறொன்றை வாங்கி மாட்டினால்? கிராங்க்கில் 32, அதோடு ஐடிலில் வைத்த 10, ஆக 42. ஐடிலில் அழகாக ஓடும், தெருவில் பிக்கப்பும் நன்றாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தும்போது நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது, ஆரம்பிக்கும், எஞ்சின் இரைச்சலில் அது உங்கள் காதில் விழாமலும் போகலாம். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான்.

கேம், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு, மாற்றிய எஞ்சினுக்குக் கணக்கு வேறு. ரேஸ் பக்கம் சாய்ந்த கேம் என்றால் ஐடிலில் எரிந்த வாயு சிலிண்டருக்குள் மிச்சம் தங்கும், புதுக் கலவை மெதுவாக எரியும். அதனால் ஐடிலிலேயே 12, 14 டிகிரி கேட்கும். மொத்தம் 30 தாண்டக் கூடாது என்றால் எடைகளுக்கு மிஞ்சுவது 16, 18 டிகிரிதான். அதாவது 8 அல்லது 9 எண். கம்ப்ரெஷனை ஏற்றியிருந்தால் மொத்தத்தையே குறைக்க வேண்டியிருக்கும். பெட்ரோலும் மாறிவிட்டது. இந்தக் கர்வை வடிவமைத்தபோது ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோல் பங்கில் கிடைத்தது. பிரிட்டனில் ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை 2000-த்தோடு நின்றது, 2021-இலிருந்து சாதாரண பெட்ரோலே இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அறுபதுகளின் புத்தகத்தில் இருப்பதை அப்படியே வைப்பது சரிப்படாது.

பழையதை வைத்துக்கொள்வதா என்பதற்கு ஒரு சோதனை. ஷாஃப்ட்டின் மேல்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. பாயின்ட் இடைவெளி 15 தவ், அதாவது 0.38 மில்லிமீட்டர்தான். அந்த அளவில் ஷாஃப்ட் ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் ஒவ்வொரு மாதிரி போகும். டைமிங் லைட்டில் குறி ஓரிடத்தில் நிற்காமல் குதிக்கும். புது புஷ் போட்டு, உங்கள் எஞ்சினுக்கு ஏற்ற கர்வ் வைத்துக் கொடுக்கும் பட்டறைகள் இங்கிலாந்தில் இருக்கின்றன. அசல் தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான். வரலாற்றுப் பந்தயத்தில் இறங்குபவர்கள் முதலில் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

பெர்ட்ரானிக்ஸ் மாதிரி உள்ளே வைக்கும் மாட்யூல் பாயின்ட்டையும் கன்டென்சரையும் தூக்கிவிடுகிறது, நல்ல விஷயம். ஆனால் எடையும் ஸ்பிரிங்கும் அதேதான், தப்பான கர்வ் தப்பாகவே இருக்கும். நெதர்லாந்தின் 123 என்ற முழு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் வேறு ரகம். அதில் எடையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. 16 கர்வில் ஒன்றை ஸ்விட்ச் திருப்பி எடுக்கலாம், டியூன் மாடலில் நாமே கர்வ் வரையலாம். மாற்றிக் கட்டிய எஞ்சினைத் தெருவில் தினமும் ஓட்டுகிறீர்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். வேக்குவம் இணைப்பு இருப்பதாக வாங்குங்கள். த்ராட்டில் பாதி திறந்து ஓடும்போது கலவை மெதுவாக எரியும், அங்கே கூடுதல் அட்வான்ஸ் கிடைத்தால் மைலேஜ் கூடும். நடுவழியில் நின்றால் மட்டும் பழுது பார்க்க வழியில்லை. அதனால் பழைய லூகாஸை டிக்கியில் போட்டு வையுங்கள்.

எது வாங்கினாலும் ரோட்டரைக் கவனியுங்கள். மட்டமான பிளாஸ்டிக்கில் ரிவெட் அடித்த ரோட்டரில் ஸ்பார்க் ரிவெட் வழியாக ஷாஃப்ட்டுக்கு இறங்கிவிடும், வண்டி திடீரென்று நிற்கும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் வாங்குங்கள். மினியில் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால் இருப்பதால் மழைத் தண்ணீர் அதன் மேலேயே அடிக்கும். கேப்புக்கும் வயருக்கும் ரப்பர் உறை கட்டாயம்.

மாட்டிய பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, குறி நகர்வது நிற்கும்வரை ஆர்பிஎம்மை ஏற்றி, மொத்தத்தை அங்கே 30-ல் வையுங்கள். ஐடிலில் என்ன வருகிறதோ வரட்டும். குறி ஃப்ளைவீலில் இருக்கிறது. கிளட்ச் மூடியின் சின்னத் தகட்டைக் கழற்றி, கண்ணாடி பிடித்துத்தான் பார்க்க வேண்டும், பொறுமை தேவை. ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளே என்ன எண், எந்த கேம், என்ன கம்ப்ரெஷன் என்று கீழே எழுதுங்கள். அதை வைத்து அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றுக்கும் கர்வ் போட்டுப் பார்ப்போம்.