தொடுகையை நம்பிய பெண்கள்

வணக்கம் நேயர்களே. 1929இல் ஜேர்மனியில் எலிசபெத் டிக்கே என்ற பெண் கால் இரத்த ஓட்டம் கெட்டுப் படுக்கையில் கிடந்தார். கால் குளிர்ந்துபோயிருந்தது. அதை வெட்டி அகற்ற வேண்டிவரலாம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். டிக்கே ஒரு பிசியோதெரபிஸ்ட். படுத்தே கிடந்து இடுப்பும் நோகத் தொடங்க, அந்த இடத்தைத் தன் விரல்களாலேயே தடவிப் பார்த்தார். தோலுக்கடியில் இறுகித் தடித்த இடங்கள் தட்டுப்பட்டன. அவற்றை நீவ நீவக் காலில் மெல்லச் சூடு திரும்பியது. தோலுக்கடியில் இருக்கும் இணைப்பிழையத்தை நீவும் இணைப்பிழைய மசாஜ் அப்படித்தான் பிறந்தது.

தனக்குச் சுகம் வந்ததோடு அவர் நிற்கவில்லை. ஃப்ரைபூர்க்கில் ஹெடே டைரிக்-லெய்பே என்ற பெண் வைத்தியரோடு சேர்ந்து அந்த முறையை ஆராய்ந்தார். எனக்கு அவரில் மிகவும் பிடித்தது இதுதான்.

அமெரிக்காவின் யூனிஸ் இங்ஹாம் 1930களில் பாதத்துக்கு ஒரு வரைபடமே போட்டார். எந்த இடத்தை அழுத்தினால் எந்த உறுப்புக்கு நல்லது என்று. பாதத்தை அழுத்திவிட்டால் உடம்பு தளரும், மனம் ஆறும். ஆனால், பாதத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

டொலோரெஸ் கிரீகர் நியூயோர்க்கில் தாதியர்களுக்குக் கற்பித்த பேராசிரியை. டோரா குன்ஸுடன் சேர்ந்து 1970களில் அவர் பரப்பிய முறையில், நோயாளியின் உடம்புக்குச் சற்று மேலே கையை நகர்த்தி அவரது உடம்பின் சக்தியை உணர்வதாகச் சொல்வார்கள். எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி இதைச் சோதித்தாள். இடையில் ஒரு தடுப்பை வைத்து, சிகிச்சையாளரின் எந்தக் கைக்கு மேலே தன் கை இருக்கிறது என்று கேட்டாள். 21 பேர், 280 தடவை. 123 விடைகளே சரி. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை அதை வெளியிட்டது. முன்னோடிப் பெண்களைச் சொல்லும்போது இந்தப் பிள்ளையையும் சேர்த்தே நான் சொல்வேன்.

சரி, கொழும்புக்கு வருவோம். பொரளை ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் வெள்ளவத்தையில் மசாஜுக்குப் போகிறவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். போகட்டும், அதில் கிடைக்கும் ஆறுதல் உண்மையானது. ஆனால், நீரிழிவால் பாதம் மரத்துப்போயிருந்தால் கிளினிக்கில் கேட்காமல் அழுத்தவோ சூட்டு ஒத்தடம் கொடுக்கவோ விடாதீர்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, நொந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். நீவ வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.