ஒரு நாற்பது பக்க நோட்டு

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மறதி நோய் வந்த அம்மாவையோ அப்பாவையோ கவனிப்பு இல்லத்தில் சேர்ப்பது சரியா, தப்பா? அந்தப் பஞ்சாயத்து வீட்டுக்கு வீடு நடக்கிறது. இங்கே அதைக் கிளறப் போவதில்லை. சேர்த்த பிறகு குடும்பத்துக்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

அதற்கு முன் ஒரு வார்த்தை. மறதி எல்லாம் மறதி நோய் இல்லை. பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, ரத்தத்தில் உப்பு குறைவது, மனச்சோர்வு, என்றோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம், இவையும் அதே வேஷம் போடும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் எடுக்காமல் ‘வயசானா அப்படித்தான்’ என்று இல்லம் தேடக் கிளம்பாதீர்கள். ஜிப்மர் ஆஸ்பத்திரியில் நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவும் இருக்கின்றன.

சேர்க்கும் அன்று துணி, மாத்திரை, ஆதார் நகல் எல்லாம் பெட்டியில் போகும். போகாதது அந்த மனுஷருடைய அன்றாடம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அதை எழுதிக் கொடுங்கள்.

என்ன எழுதுவது? ‘டீச்சர்’ என்றால் திரும்புவாரா, ‘பாட்டி’ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்பதிலிருந்து தொடங்கலாம். கண்ணாடி, பல்செட், காது மெஷின் எதை எப்போது கழற்றுவார்? குளிப்பதற்கு முன் காபியா, பின்னாலா? கட்டிலில் எந்தப் பக்கமாக இறங்கிப் பழக்கம்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். நாற்பது வருஷம் இடப்பக்கமாக இறங்கியவருக்கு, புதிய அறையில் அந்தப் பக்கம் சுவர் வந்துவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குத் தடுமாறி விழுவார். இடுப்பு எலும்பு முறிவு அப்படித்தான் வந்து சேர்கிறது.

பார்த்த தொழிலையும் எழுத வேண்டும். வைத்திக்குப்பத்தில் வலை இழுத்தவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்காருவார். இல்லத்தில் அதைத் தூக்கமின்மை என்று எண்ணித் தூக்க மாத்திரை கேட்பார்கள். மறுநாள் பகலெல்லாம் மயக்கம், கால் தள்ளாட்டம். மில்லில் ஷிப்ட் பார்த்தவர் சங்கு ஊதும் நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவார். காரணம் தெரிந்தால் ஒரு டம்ளர் டீயில் முடிகிற விஷயம். மொழியும் அப்படித்தான். பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவும், சின்ன வயதில் பேசியது கடைசிவரை நிற்கும். பார்த்துக்கொள்ளும் பணியாளர் வெளிமாநிலத்துக்காரர் என்றால், தண்ணீர், வலி, வயிறு போன்ற பத்து சொற்களை அவருக்குப் புரியும் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ‘ஒண்ணுக்கு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கஷ்டகாலம். வெளிச்சம் குறையும், நிழல் நீளும், குழப்பம் ஏறும். ‘வீட்டுக்குப் போகணும்’ என்று ஆரம்பிப்பார்கள். சொந்த வீட்டில் இருக்கும்போதுகூடச் சிலர் இதையே கேட்பார்கள். ‘இதுதாம்பா வீடு’ என்று வாதாடினால் கோபம்தான் மிஞ்சும். முதலில் சிறுநீர் முட்டுகிறதா, பசியா, வலியா என்று பார்க்க வேண்டும். பிறகு, ‘வீட்ல யாருப்பா இருக்காங்க?’ என்று கேளுங்கள்; பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். கைக்கு வேலை கொடுங்கள்: முருங்கைக்கீரை ஆய்வது, துண்டு மடிப்பது, பூ கட்டுவது. கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் நாலரைக்கே எல்லா விளக்கையும் போடச் சொல்லுங்கள். பார்க்கப் போகிறவர்கள் காலை பத்து, பதினொன்றுக்குப் போவது நல்லது. வாசலில் நின்று விடைபெற்றால் அவரும் கூடவே கிளம்புவார். சாப்பாடு பரிமாறும் நேரம் பார்த்து எழுந்து வந்துவிடலாம்.

சாப்பாடு என்றதும் ஒரு சின்ன விஷயம். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு இவர்கள் கண்ணுக்குப் பிரிந்து தெரிவதில்லை. எவர்சில்வர் தட்டு பளபளக்கும். வாழையிலையில் வைத்தால் இட்லி இட்லியாகத் தெரியும். கறுப்பு மிதியடி குழிபோலத் தோன்றி, தாண்டப்போய் விழுவார்கள். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இறங்குவது. ஒன்றிரண்டு நாளில் திடீரென்று ஆளே மாறி, இல்லாத மனிதர்களோடு பேசி, அல்லது எப்போதும் தூங்கி வழிந்தால், ‘நோய் முத்திவிட்டது’ என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, புதிதாகச் சேர்த்த மாத்திரை இவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை, அரிப்பு மாத்திரைகளில் பலவும் குழப்பத்தைக் கூட்டுபவை. ‘வழக்கமாக எப்படி இருப்பார்?’ என்று டாக்டர் கேட்கும்போது பதில் அந்த நோட்டில்தான் இருக்கும்.

பண விஷயம் சுருக்கமாக. பவர் பத்திரம் எழுதி வாங்கியாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்கவும். எழுதிக் கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போனால் அந்த அதிகாரமும் முடிந்தது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவர் புரிந்து சம்மதிக்கிற காலத்திலேயே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குங்கள். பென்ஷன்காரர்கள் கொடுக்க வேண்டிய நவம்பர் மாத உயிர்வாழ் சான்றை இப்போது செல்போனில் முகம் காட்டி எடுக்கலாம். கண் சிமிட்டச் சொல்லும். அவர் தெளிவாக இருக்கும் காலைவேளையில் எடுங்கள்.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது பூந்தொட்டியை ரசித்துவிட்டு வராமல், ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். கட்டிப்போடும் வழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். நம் கரையோரத்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சலையும் கடலூரும் புதுச்சேரியும் மறந்திருக்காது. ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை நாளைக்கு, மாத்திரை பத்து நாளைக்கு இருப்பு உண்டா, இடம் மாற்றினால் எங்கே? சட்டைக் காலருக்குள் பேரும் உங்கள் செல்போன் நம்பரும் எழுதிய துணிப்பட்டையைத் தைத்துவிடுங்கள். சட்டைப்பையில் வைக்கும் அட்டை தங்காது. முதியோர் உதவி எண் 14567-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டைப் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை கேட்டவர் ஆறு மாதத்தில் காபியையே தள்ளிவிடலாம், டீச்சர் என்ற பெயருக்குத் திரும்பாமலும் போகலாம். மாதம் ஒருமுறை பணியாளரோடு உட்கார்ந்து பழையதை அழித்துப் புதியதை எழுத வேண்டியிருக்கும். போகும்போது ரப்பரும் எடுத்துப் போங்கள். வணக்கம்.