தூக்குக்கு முன்னால் மூன்று நாள்

[காட்சி: டெல்லி, பெரோஸ் ஷா கோட்லா. இடிந்த கட்டடத்தின் உச்சியில் ஒரு கல்தூண். கேமரா மெல்ல மேலே ஏறி எழுத்துகளை நெருங்குகிறது.]

வணக்கம். இந்தத் தூண் அசோகர் நட்டது. ஹரியானாவில் தோப்ரா என்ற ஊரில் நின்றிருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் இதைப் பெயர்த்துக் கொண்டுவந்து தன் கோட்டைக்குள் நிறுத்திக்கொண்டார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குப் படிக்க ஆள் இல்லை. 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்த பிறகுதான் தூண் பேசத் தொடங்கியது.

இதில் நான்காவது ஆணையைப் பாருங்கள். அசோகர் பட்டத்துக்கு வந்து 26 வருடம் கழித்து வெட்டச் சொன்னது. மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர்களுக்கு மூன்று நாள் தவணை தருகிறேன் என்கிறார். அந்த மூன்று நாளில் சொந்தக்காரர்கள் போய் உயிருக்காக மன்றாடலாம். மன்றாட ஆள் இல்லாதவன் தானம் செய்யலாம், நோன்பு இருக்கலாம், மறுமைக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளலாம்.

கலிங்கப் போரோடு மனம் மாறியவர், பௌத்தர், கொல்லாமையைக் கல்லில் வெட்டி ஊர் ஊராக நிறுத்தியவர். பள்ளிக்கூடத்தில் இப்படித்தானே படித்தோம்? அவரே மரண தண்டனையை எடுத்துவிடவில்லை. ஆனால் அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. தீர்ப்புக்கும் சாவுக்கும் நடுவில் மூன்று நாளை வைத்தார்.

மதம் மரண தண்டனையை ஏற்கிறதா என்று கேட்டால் ஆளுக்கொரு வசனத்தை எடுத்து நீட்டுவார்கள். ஏற்கும் வசனமும் கிடைக்கும், மறுக்கும் வசனமும் கிடைக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கொல்லலாம் என்று சொன்ன மதங்களும், தீர்ப்புக்கும் கயிற்றுக்கும் நடுவில் எதையோ வைத்திருக்கின்றன. அது என்ன என்று பார்ப்போம்.

[காட்சி: ஓலைச்சுவடி. பிறகு, காட்டுப் பாதையில் கைகள் கட்டப்பட்டு நடக்கும் சிலரின் கோட்டோவியம்.]

மகாபாரதத்தில் சாந்தி பர்வம். போர் முடிந்துவிட்டது. அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரிடம் தர்மர் கேட்கிறார்: யாரையும் வதைக்காமல் ஓர் அரசன் நாட்டைக் காக்க முடியுமா? பீஷ்மர் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. ஓர் அப்பாவும் மகனும் பேசிக்கொண்டதைச் சொல்கிறார்.

அப்பா துயுமத்சேனன், அரசர். அவர் உத்தரவுப்படி சிலரைக் கொலைக்களத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். அதைப் பார்த்த மகன், கொலை ஒருநாளும் தர்மம் ஆகாது என்கிறான். அப்பா விடவில்லை. கொல்ல வேண்டியவனைக் கொல்லாமல் விட்டால், என்னுடையது உன்னுடையது என்ற வரம்பே போய்விடும், நாடு நடக்காது என்கிறார். மகன் சொல்லும் பதில்தான் நெஞ்சைத் தொடுகிறது. ஒரு குற்றவாளியைக் கொன்றால் அவன் மனைவி, தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துத்தான் கொல்கிறீர்கள், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லையே என்கிறான். கெட்டவனும் நல்லவர் சகவாசத்தில் திருந்துவது உண்டு, கெட்டவனுக்கும் நல்ல பிள்ளை பிறப்பது உண்டு, வேரோடு பிடுங்காதீர்கள் என்கிறான்.

இந்த மகன் யார் தெரியுமா? சத்தியவான். சாவித்திரி எமனிடம் வாதாடி மீட்டுக் கொண்டுவந்தாளே, அதே சத்தியவான். தனக்காக மன்றாட ஓர் ஆள் இருந்ததால் உயிரோடு இருப்பவன். இந்த வாதத்தை அவன் வாயில் வைத்திருப்பது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அப்பா சொல்வதையும் தள்ளிவிட முடியாது. முன்பெல்லாம் ‘சீ’ என்று ஒரு சொல் சொன்னாலே தண்டனை, அப்புறம் கடுஞ்சொல் தேவைப்பட்டது, அப்புறம் அபராதம், இப்போது உயிரை எடுத்தால்கூட அடங்க மாட்டேன் என்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறார். இன்றைக்கு டீக்கடையில் கேட்கும் அதே அலுப்பு.

மனுஸ்மிருதி துயுமத்சேனன் பக்கம். அரசனிடம் தண்டனை வாங்கியவன் பாவம் கழிந்து புண்ணியம் செய்தவனைப் போலச் சொர்க்கம் போவான் என்கிறது எட்டாம் அத்தியாயம். அதே அத்தியாயம் இன்னொன்றும் சொல்கிறது. மற்ற வருணத்தாருக்கு உயிர் போகும் குற்றத்துக்குப் பிராமணனுக்குத் தலையை மழித்தால் போதும். கொலைத் தண்டனை பாவத்தைக் கழுவும் என்றால் அந்தப் பாக்கியத்தை ஒரு சாதிக்கு மட்டும் ஏன் மறுத்தார்கள்? யாருடைய உயிரை எடுப்பது சுலபம் என்ற கணக்கு இதில் இருக்கிறது. இந்தக் கணக்கு எந்த மதத்துக்குள் வந்தாலும் அதை உரக்கச் சொல்லியாக வேண்டும்.

நம் வள்ளுவரிடமும் இரண்டும் உண்டு. கொல்லாமை அதிகாரத்தில், தன் உயிரே போனாலும் இன்னோர் உயிரைப் போக்கும் காரியத்தைச் செய்யாதே என்கிறார். செங்கோன்மை அதிகாரத்துக்கு வந்தால், கொடியவரை வேந்தன் ஒறுப்பது பைங்கூழில் களை எடுப்பதற்குச் சமம். முன்னது தனி மனிதனுக்கு, பின்னது அரசனுக்கு என்று சமாதானம் சொல்வார்கள். சரி, களைதானா என்று எப்படித் தெரியும்? சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்றான். விசாரணை இல்லை, ஒரு நாள்கூடத் தவணை இல்லை. உண்மை தெரிந்ததும் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று விழுந்து உயிரை விட்டான். அதற்குள் கோவலன் போய்ச் சேர்ந்தாயிற்று.

[காட்சி: பாலைநிலத்துக் கல் வீதி. தூரத்தில் குதிரையில் காத்திருக்கும் ஒருவன்.]

இந்தப் பயம் யூத அறிஞர்களைப் பிடித்து ஆட்டியது போல வேறு யாரையும் ஆட்டியிருக்குமா என்று தெரியவில்லை. அவர்களின் வேதமான தோராவில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நிறைய. அதை அவர்கள் நீக்கவில்லை. ஆனால் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலைத் திறந்தால், அதை நிறைவேற்ற முடியாதபடி முட்டுக்கட்டை மேல் முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள்.

உயிர் வழக்கை 23 நீதிபதிகள் கேட்க வேண்டும். விடுதலை என்றால் அன்றே சொல்லலாம். மரணம் என்றால் அன்று சொல்லக் கூடாது, ஓர் இரவு கழிய வேண்டும். சாட்சி சொல்ல வருபவரைக் கூப்பிட்டு எச்சரிப்பார்கள்: இது பண வழக்கு இல்லை, தப்பாகச் சொன்னால் அவன் ரத்தமும் அவனுக்குப் பிறந்திருக்கக் கூடிய சந்ததியின் ரத்தமும் உலகம் உள்ளவரை உன் தலையில். சத்தியவான் சொன்னதையே இங்கே கேட்கிறோம், எங்கோ இன்னொரு மொழியில்.

கொலைக்களத்துக்குக் கூட்டிப் போகும்போதும் நீதிமன்ற வாசலில் ஒருவன் துணியைப் பிடித்தபடி நிற்பான். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இன்னொருவன் குதிரையில். யாராவது வந்து, அவனைக் காப்பாற்ற என்னிடம் ஒரு வாதம் இருக்கிறது என்றால் இவன் துணியை ஆட்டுவான், அவன் குதிரையை விரட்டிப் போய்த் தடுப்பான். தண்டனை பெற்றவனே, எனக்காக ஒன்று சொல்ல வேண்டும் என்றாலும் நான்கைந்து தடவைகூடத் திருப்பிக் கூட்டி வருவார்கள், சொல்வதில் சாரம் இருந்தால்.

ஏழு வருடத்துக்கு ஒருவனைக் கொல்லும் சபையை நாசகாரச் சபை என்று ஏசுகிறது மிஷ்னா. எழுபது வருடத்துக்கு ஒருவன் என்றாலே அந்தப் பெயர்தான் என்கிறார் எலெயாசர் பென் அசரியா என்ற அறிஞர். தர்ஃபோன், அகிவா என்ற இன்னும் இரண்டு அறிஞர்கள், நாங்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால் ஒருவனும் செத்திருக்க மாட்டான் என்கிறார்கள். உடனே சிமியோன் பென் கமாலியேல் குறுக்கிட்டு, அப்படிச் செய்து இஸ்ரவேலில் கொலைகாரர்களைத்தான் பெருக்கியிருப்பார்கள் என்கிறார். துயுமத்சேனனின் குரல். அந்த எதிர்ப்பையும் அழிக்காமல் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நவீன இஸ்ரேல், நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மனை 1962-ல் தூக்கிலிட்டது. சிவில் நீதிமன்றத் தீர்ப்பின்படி அந்த நாடு நிறைவேற்றிய ஒரே மரண தண்டனை அது.

[காட்சி: ரோம், டைபர் நதிப் பாலம்.]

கத்தோலிக்கத் திருச்சபை நடந்து வந்த தூரம் பெரிது. அழுகிய உறுப்பை வெட்டி உடலைக் காப்பது போல என்று நியாயம் சொன்னவர் புனித தாமஸ் அக்குவினாஸ். போப்பாண்டவர் அரசு நடத்திய காலத்தில் மரண தண்டனையை நிறைவேற்ற அவருக்கென்றே ஓர் ஆள் இருந்தார். ஜியோவானி பத்திஸ்தா புகாத்தி என்பவர் 1796 முதல் 1864 வரை 516 பேரின் தண்டனையை நிறைவேற்றிக் கணக்கு எழுதி வைத்தார். வத்திக்கான் சட்டப் புத்தகத்தில் 1969 வரை மரண தண்டனை இருந்தது.

1995-ல் போப் இரண்டாம் ஜான் பால், அதற்கான தேவை இன்று அநேகமாக இல்லை என்றார். 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ், திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி நூலின் 2267-வது பத்தியையே மாற்றினார். மரண தண்டனை இனி ஏற்கத்தக்கதல்ல. சொன்ன காரணங்களில் ஒன்று, இன்றைய சிறைகளில் மக்களையும் காக்கலாம், குற்றவாளி மனம் திரும்பும் வாய்ப்பையும் பறிக்காமல் இருக்கலாம் என்பது. அசோகர் தந்த மூன்று நாளை ஆயுள் முழுக்க நீட்டிவிட்டார்கள்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படி இல்லை. அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் சபை 2000-ல் மரண தண்டனையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. மனிதன் ரத்தத்தைச் சிந்துகிறவன் ரத்தம் மனிதனால் சிந்தப்படும் என்ற ஆதியாகம வசனம் அவர்களுக்கு ஆதாரம். அதே ஆதியாகமத்தில், முதல் கொலைகாரன் காயீனை யாரும் கொன்றுவிடாதபடி கர்த்தர் அடையாளம் போட்டு அனுப்புகிறார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

[காட்சி: கருப்புத் திரை. குரல் மட்டும்.]

இஸ்லாத்தில் கொலைக்குப் பழி வாங்கும் உரிமை, கிஸாஸ், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குத் தரப்படுகிறது. அதைச் சொல்லும் அதே வசனத்தில், குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 178-வதில், மன்னிப்பும் இழப்பீடும் வந்துவிடுகின்றன. கொல்லப்பட்டவன் தரப்பைக் கொலைகாரனின் ‘சகோதரன்’ என்றே அந்த இடத்தில் சொல்கிறது. விட்டுக்கொடுத்தால் அது பாவப் பரிகாரம் என்கிறது அல்மாயிதா அத்தியாயத்தின் 45-வது வசனம். கிஸாஸ் வழக்கு எது வந்தாலும் நபிகள் மன்னிக்கச் சொல்லித்தான் ஏவுவார் என்று நபித்தோழர் அனஸ் அறிவிக்கும் ஹதீஸும் உண்டு.

2014 ஏப்ரல், ஈரானில் நௌஷஹர் என்ற ஊர். தெருச் சண்டையில் ஓர் இளைஞனைக் குத்திக் கொன்றவன், கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, நாற்காலி மேல் நிற்கிறான். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாற்காலியைத் தள்ளும் உரிமை செத்தவனின் தாய்க்கு. ஏழு வருடமாகக் காத்திருந்த அந்தத் தாய் மேலே ஏறினார். அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு அவரும் கணவருமாகக் கயிற்றைக் கழற்றினார்கள். கீழே கொலைகாரனின் தாய் வந்து இந்தத் தாயைக் கட்டிக்கொண்டு அழுதார். மன்னிப்பு எப்படி இருக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்த அறையைத்தான் சொல்வேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது நம் மொழி பேசும் ஊர்ப்பக்கம் சேர்ந்தது. கிழக்கிலங்கையின் மூதூரில் இருந்து சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போன ஓர் ஏழைப் பெண். பொறுப்பில் விட்ட கைக்குழந்தை இறந்துபோனது. பால் கொடுக்கும்போது புரையேறியது என்றார் அவர். நீதிமன்றம் கொலை என்றது. பாஸ்போர்ட்டில் வயது 23, பிறப்புச் சான்றிதழ்படி 17. இலங்கை அரசு கேட்டது, உலகமே கேட்டது, குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரியில் தலை வெட்டப்பட்டது. ஒரே வேதம், ஒரே உரிமை. மன்னிக்கும் கதவைக் குடும்பத்தின் கையில் கொடுத்தால், அது திறப்பதும் மூடுவதும் அந்தக் குடும்பத்தின் மனசு. பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்கு அது சீக்கிரம் திறக்கும் என்ற கசப்பையும் மறைக்க வேண்டியதில்லை.

[காட்சி: கொழும்பு, மழை.]

பௌத்தத்தை முதலில் தொட்டோம், அதன் இன்றைய முகத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு சாதவாகன அரசனுக்கு எழுதிய ‘ரத்னாவளி’யில் பௌத்த அறிஞர் நாகார்ஜுனர், கொலைகாரரையும் கொல்லாமல் வதைக்காமல் நாடு கடத்து என்றார். ஜப்பானில் 2005-ல் நீதி அமைச்சரான சுகியுரா, ஷின் என்ற பௌத்தப் பிரிவைச் சேர்ந்தவர், பதவியில் இருந்தவரை ஒரு தூக்கு உத்தரவிலும் கையெழுத்திடவில்லை. ஆனால் பௌத்தத்துக்கு அரசியல் சாசனத்திலேயே முதலிடம் கொடுத்த இலங்கை? கடைசித் தூக்கு 1976-ல். நீதிமன்றங்கள் தண்டனை விதித்துக்கொண்டே இருக்கின்றன, நிறைவேற்றுவதில்லை. 2019-ல் அலுகோசு வேலைக்கு விளம்பரம் வந்தது, தமிழில் சொன்னால் தூக்கிலிடுபவர். இரண்டே இடம், நூற்றுக்கு மேல் விண்ணப்பம். ஜனாதிபதி சிறிசேன நான்கு பேரின் உத்தரவில் கையெழுத்தும் போட்டார். உச்ச நீதிமன்றம் தடுத்தது.

[காட்சி: மீண்டும் அசோகர் தூண், மாலை வெளிச்சம்.]

இனி நம் நாடு. 2013 பிப்ரவரியில் டெல்லி திகார் சிறையில் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். கருணை மனு நிராகரிக்கப்பட்ட செய்தி ஸ்பீட் போஸ்ட்டில் காஷ்மீரில் உள்ள வீட்டுக்குப் போனது. கடிதம் கைக்கு வந்தபோது அவரைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அடுத்த ஆண்டு ஜனவரி 21. வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி சதாசிவம். கருணை மனு நிராகரிப்பைக் கைதியிடம் சொன்ன நாளுக்கும் தூக்குக்கும் நடுவில் குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. எதற்கு 14 நாள் என்பதற்குக் காரணமும் எழுதியிருக்கிறார்கள்: கைதி மனத்தளவில் தயாராக வேண்டும், தன் கடவுளோடு சமாதானம் ஆக வேண்டும், குடும்பத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும், இன்னும் ஏதாவது நீதிமன்றக் கதவு மிச்சம் இருந்தால் அதைத் தட்ட வேண்டும்.

தூணில் வெட்டியிருப்பதும் ஏறக்குறைய இதுதான். அசோகர் கொடுத்தது மூன்று நாள். நாம் பதினான்கு கொடுக்கிறோம்.